மூடிய பாத்திரங்களோடு ஒரு சனிக்கிழமை

நீங்கள் கேட்டதில் தவறொன்றும் இல்லை, அம்மா. முகத்தை அப்படித் திருப்பிக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகிற பேருந்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பேட்டை தாண்டுவதற்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். நீங்கள் சீதபற்பநல்லூர் வரை பொறுத்திருந்தீர்கள். அந்தப் பொறுமைக்காகவே உங்களுக்கு முழுப் பதிலையும் சொல்கிறேன். நான் பாவூர்சத்திரத்தில் இறங்க வேண்டும். நீங்கள் குறுக்கிடாமல் இருந்தால் அதற்குள் முடித்துவிடலாம்.

நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றால், ஒரு கூட்டல் பிழை. வேறு காரணம் இல்லை. கணித ஆசிரியையாக முப்பத்தாறு வருடம் இருந்தவள் சொல்கிறேன், நீங்கள் நம்பலாம். சிலர் அந்தச் சனிக்கிழமைதான் காரணம் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியல்ல. அந்தச் சனிக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் ஆவுடையம்மாள். எழுபத்தேழாம் வருடம் சாம்பியாவுக்குப் போனேன். ஆப்பிரிக்காவில், கடற்கரையே இல்லாத நாடு. அப்போது நம் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் நிறையப் பேர் அங்கே போனார்கள். கிட்வே என்று ஒரு ஊர்; பூமிக்கு அடியில் செம்பு, பூமிக்கு மேலே சிவப்புப் புழுதி. அங்கே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. எனக்குச் சிநேகிதிகள் மூன்று பேர். நாசரேத்து ஊர்க்காரி எஸ்தர் ராஜபாய், உயிரியல். என்னைவிட மூன்று வயது மூத்தவள், குரல் மட்டும் முப்பது ஆள் பலம். கும்பகோணத்து வத்சலா, வேதியியல்; எங்களில் சின்னவள், இருபத்தாறு வயது. மூன்றாவது ஆள் அந்த ஊர்ப் பெண், முத்தாலே. பெம்பா இனத்தவள். பூகோளம் கற்பித்தாள். எங்களில் அவளிடம் மட்டும்தான் கார் இருந்தது. அதைக் கார் என்று சொல்வது அவளுடைய வழக்கம்.

எழுபத்தொன்பதாம் வருடம் செப்டம்பர் மாதம் அண்ணாச்சியிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணாச்சி சங்கரலிங்கம் பாளையங்கோட்டையில் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எனக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். பேராசிரியர் தில்லைநாயகம், பொருளாதாரம், நாற்பத்து மூன்று வயது, மனைவியை இழந்தவர், இரண்டு பையன்கள். எனக்கு அப்போது முப்பத்தைந்து. பேராசிரியர் தம் கைப்பட மூன்று நிபந்தனைகளை எழுதி இணைத்திருந்தார். ஒன்று, நான் வேலையை விட்டுவிட வேண்டும். இரண்டு, விடியற்காலை நாலரைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். அவருக்கு ஐந்து மணிக்குக் காப்பி, ஆறரைக்குப் பொங்கல். மூன்று, வெளிநாட்டுப் பழக்கம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். கோடு போடாத தாளில் வரிகள் அத்தனை நேராக இருந்தன.

'கடிதம் கிடைத்த ஒரு வாரத்துக்குள் தந்தி மூலம் பதில் சொல்' என்று அண்ணாச்சி எழுதியிருந்தார்.

நான் எதையும் அவசரத்தில் செய்கிறவள் அல்ல. ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டேன். இடப் பக்கம் 'வேண்டும்', வலப் பக்கம் 'வேண்டாம்'. வெள்ளிக்கிழமை மாலைவரை எழுதினேன். வேண்டும் என்பதற்குக் காரணங்கள் பதினொன்று. வேண்டாம் என்பதற்கு ஒன்பது. ஆகவே வேண்டும். தந்திப் படிவம் ஒன்று வாங்கி 'சம்மதம்' என்று எழுதிக் கைப்பையில் வைத்தேன். அதற்குள் தபால் நிலையத்தில் தந்திக்காரர் போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொடுத்துவிடலாம் என்று வந்துவிட்டேன்.

இடையில் அந்தச் சனிக்கிழமை.

ஊருக்கு வெளியே ஓர் அணை உண்டு. படகு விடுவார்கள். ஒரு நாள் போய் வரலாம் என்று வத்சலா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி நான் ஊருக்குத் திரும்பப் போகிறவள் என்பதால் அந்தச் சனிக்கிழமையே போகலாம் என்று நான் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரல் ஒன்று தயாரித்து, கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். எட்டு மணிக்குப் புறப்பாடு. எட்டு ஐம்பதுக்கு அணை. ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை இயற்கையை ரசித்தல். பிறகு படகு. பத்தே முக்காலுக்குப் பொது உரையாடலும் நகைச்சுவையும். பன்னிரண்டு நாற்பதுக்கு ஆவுடையம்மாளின் அறிவிப்பு. பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பாடு. என் புளியோதரைத் தூக்குவாளிக்கும் எஸ்தரின் கோழிச் சட்டிக்கும் இடையே மூன்றடி தூரம் காக்கப்பட வேண்டும் என்று அடிக்குறிப்பும் இருந்தது.

எல்லாரும் அதை மிகவும் பாராட்டினார்கள்.

"ஏட்டி ஆவுடை, இது பிக்னிக்கா, காப்பரீட்சையா?" என்றாள் எஸ்தர்.

"மேடம், இயற்கையை ரசிக்க இருபது நிமிஷந்தான் குடுத்திருக்கேள். அப்புறமும் அது கண்ணுல பட்டா என்ன பண்றது?" என்றாள் வத்சலா.

முத்தாலே தன் பிரதியை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கார்க் கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்தாள். அவளுக்குத் தாள் எப்போதும் கண்ணெதிரில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் போலிருக்கிறது.

எட்டு இருபத்திரண்டுக்குப் புறப்பட்டோம். கார் நகர்ந்ததுமே வத்சலா ஆரம்பித்துவிட்டாள். "அந்தப் பன்னண்டு நாப்பது அறிவிப்பு என்ன மேடம்? சொல்லுங்கோ. மாட்டேளா? அப்போ நான் பாடுவேன்." அவள் பாட்டுக்குப் பயந்து அறிவிப்பை நான்கு மணி நேரத்துக்கு மேல் முன்தள்ளி வைத்தேன். பேராசிரியர், இரண்டு பையன்கள், மூன்று நிபந்தனைகள், கைப்பையிலிருந்த படிவம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

காரில் சத்தமே இல்லை. மகிழ்ச்சியில் சிலருக்குப் பேச்சு வராது.

கடைசியில் எஸ்தர்தான் கேட்டாள். "நாலரைக்கா?"

"நாலரைக்கு."

"சூரியனே அப்ப எந்திரிக்காதேட்டி."

"சூரியனுக்கு ஆறரைக்குப் பொங்கல் வேண்டாமே," என்றேன் நான்.

முத்தாலே ஆங்கிலத்தில் கேட்டாள். "அவருக்குக் கையில் ஏதாவது கோளாறா? தீக்குச்சி கிழிக்க முடியாதா?"

"அவர் பேராசிரியர்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து டயர் வெடித்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கூடுதல் சக்கரம் இருந்தது. அதில் காற்று இல்லை. முத்தாலே யாரிடமாவது பம்பு வாங்கி வருவதாகச் சொன்னாள். "நீங்கள் மூவரும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து போங்கள். அணை ஒன்றரை மைல்தான். வழி கேட்கவே வேண்டாம். எல்லாரும் போகிற பக்கம் போங்கள். சனிக்கிழமை எல்லாரும் அங்கேதான் போவார்கள்."

பூகோள ஆசிரியை சொன்ன வழி. நாங்கள் கேள்வி கேட்கவில்லை.

கால் மைல் நடந்திருப்போம். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றிலிருந்து பெண்கள் கூட்டம் ஒன்று தெருவில் இறங்கியது. எல்லார் தலையிலும் பாத்திரம். எல்லாப் பாத்திரத்தின் மேலும் பூப்போட்ட துணியால் மூடாக்கு. ஒருத்தி முன்பாட்டுப் பாட மற்றவர்கள் பின்பாட்டுப் பாட, இடுப்பு அசைய, பாத்திரம் அசையாமல் நடந்து போனார்கள். நான் அவர்களை உடனே மெச்சினேன். பிக்னிக் என்றால் இப்படி ஒழுங்கோடு போக வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், அம்மா. பெண்கள் மூடிய தட்டும் பாத்திரமுமாக வரிசையில் போகிறார்கள். நம் கையிலும் மூடிய பாத்திரம் இருக்கிறது. நம் ஊரில் பிறந்தவள் என்ன செய்வாள்? கால் தானாக வரிசையில் போய் நிற்காதா? நாங்கள் யோசித்தே செய்யவில்லை. எஸ்தர் முன்னால், வத்சலா நடுவில், நான் கடைசியில். வரிசையை நடத்திக்கொண்டு போன பெரியம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். கனத்த உடம்பு, கழுத்தில் வெள்ளை மணி, கையில் மர அகப்பை. எஸ்தரின் சட்டிக்கு அருகே வந்து துணியோடு முகர்ந்தாள். முகம் மலர்ந்துவிட்டது. எஸ்தரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வரிசையின் தலைப்பில் நிறுத்திவிட்டாள்.

"பாத்தியா, இங்கதாம்ட்டி நம்ம கைமணம் தெரிஞ்சவுக இருக்காவ!" என்று எஸ்தர் அங்கிருந்து கத்தினாள். கத்தியது போதாதென்று ஒரு குலவையும் போட்டாள். நாசரேத்தில் எங்கே கற்றாளோ தெரியாது. முன்னால் போன அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்துத் தாங்களும் குலவை போட்டார்கள். நம்முடையதும் அவர்களுடையதும் ஒன்றுதான், அம்மா. நாக்கு சுழல்கிற விதம்கூட.

அப்படியே அரை மைல். பிறகு வரிசை வலப் பக்கம் திரும்பி ஒரு வீட்டு வேலிக்குள் நுழைந்தது. நானும் நுழைந்தேன். முற்றம், ஒரு மாமரம், பாய், நாற்காலி. நாற்காலியில் கோட்டு போட்ட வாலிபன் ஒருவன், பல் பிடுங்கக் காத்திருக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான். தண்ணீர் எங்கும் தென்படவில்லை.

"மேடம்," என்றாள் வத்சலா, உதடு அசையாமல். "அணை எங்கே?"

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பத்தைந்து. நிரலின்படி நாங்கள் படகில் இருக்க வேண்டும்.

அதற்குள் முன்னால் இருந்த பெண்கள் எல்லாரும் முழங்காலிட்டுவிட்டார்கள். சிலர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, கையைக் குவித்துத் தட்டி வணங்கினார்கள். எஸ்தரும் முழங்காலில் இருந்தாள். ஞாயிறுதோறும் கோவிலில் பழகிய பழக்கம், அவளுக்குச் சிரமமே இல்லை. நின்றுகொண்டிருந்தது நானும் வத்சலாவும் மட்டும். இரண்டு சேலை, கொடிக்கம்பம் போல.

"போயிடலாம் மேடம். ஓடிடலாம்."

"வத்சலா, விருந்துக்கு நடுவில் எழுந்து போவது மரியாதை அல்ல."

"நம்மள யாரும் அழைக்கவே இல்லையே!"

"அழைக்காமல் வந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாதே," என்று சொல்லிக் கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு முழங்காலிட்டேன். அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. சேலைதான்.

முத்தாலே அந்த வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள். நாங்கள் மூவரும் முழங்காலில் இருந்த காட்சியைப் பார்த்ததும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்து முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. அதன் பிறகுதான் விவரம் தெரிந்தது.

அது கல்யாண வீடு. மாப்பிள்ளை வீடு. பெண் வீட்டார் சமைத்ததையெல்லாம் மூடி எடுத்து வந்து மாப்பிள்ளைக்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார்கள். அவர்கள் பேச்சில் அதற்குத் 'தீயைக் காட்டுவது' என்று பெயர். எங்கள் அடுப்பில் என்னென்ன வேகும், எப்படி வேகும் என்று காட்டிவிடுவது. காட்டிய பிறகுதான் அவன் மாமியார் வீட்டில் கை நனைக்கலாம். காட்டிய பதார்த்தத்தை அவன் கேட்கலாம். காட்டாததைக் கேட்கக் கூடாது. அந்த வீட்டில் முத்தாலே எனக்குச் சொன்னது இதுதான்.

கல்யாணப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளோடு வேலை பார்க்கும் இந்தியர்கள் என்று பெண் வீட்டார் எங்களை நினைத்துவிட்டார்கள். உண்மை தெரிந்ததும் அகப்பைப் பெரியம்மாவுக்குச் சந்தோஷம் இரட்டிப்பாகிவிட்டது. வழிதவறி வந்த விருந்தாளி வரிசையில் சேர்ந்தால் இன்னும் விசேஷமாம். ஆனால் ஒரு விதி. பாத்திரத்தைக் கொண்டு வந்தவள்தான் திறந்து காட்ட வேண்டும்.

முதலில் எஸ்தர். அங்கே கோழிக்குத்தான் முதல் மரியாதை. அவள் சட்டியைத் திறந்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களெல்லாம் கழுத்தை நீட்டினார்கள். பிறகு அவர்களுடைய பதார்த்தங்கள் வந்தன. வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களி. நிலக்கடலை இடித்துப் போட்ட கீரை, என்ன மணம்! அப்புறம் கறுப்பாக வறுத்த ஒரு பதார்த்தம். "சுண்டைக்காய் வத்தலா?" என்று வத்சலா ஆசையாகக் கேட்டாள். கம்பளிப்புழு என்று முத்தாலே சொன்னாள். வத்சலா என் மடியில் சாய்ந்தாள். ஆனால் வத்சலா தயிர்சாதத்தைத் திறந்து, அதன் மேலிருந்த மோர்மிளகாயைக் காட்டியபோது அந்தப் பெண்கள் அதைப் பார்த்ததும் அவள் புழுவைப் பார்த்த பார்வைதான். மாப்பிள்ளை மரியாதைக்காக ஒரு மிளகாயை முழுதாக வாயில் போட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதும், பெண் வீட்டுக்காக இப்போதே அழுகிறான் என்று பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அடுத்து என் தூக்குவாளி. திறந்தேன். பெரியம்மா ஒரு பிடி எடுத்து மென்றாள். கடலை பல்லில் பட்டதும் தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம் ஏதோ கேட்டாள்.

"உன் புருஷனுக்கு முதலில் எந்தப் பதார்த்தத்தைக் காட்டினாய் என்று கேட்கிறாள்," என்றாள் முத்தாலே.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொல்."

முத்தாலே சொன்னாள். ஆனால் மூன்று சொல்லில் முடிகிற செய்தியை அவள் மூன்று நிமிடம் சொன்னாள். நடுவில் நான்கரை என்று விரலைக் காட்டினாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியம்மா முன்னால் குனிந்து, என் முழங்காலில் கை வைத்துக் கேட்டாள்.

"அவன் உன் கையால் சாப்பிட்டிருக்கிறானா?"

"இல்லை."

"அவன் சாப்பிடுவதை நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

"அப்படியானால் அவன் யாருடைய அடுப்பைக் கேட்கிறான்?"

வகுப்பில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை.

பெரியம்மா சட்டென்று எழுந்தாள். மாப்பிள்ளையை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டாள். தானே அதில் உட்கார்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, அகப்பையைத் தோளில் சாய்த்தாள். "நான்தான் உன் பேராசிரியர்," என்றாள். "எனக்குத் தீயைக் காட்டு."

முற்றம் முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் புகைச்சலாக இருந்ததால் இருமலும் வந்தது. வத்சலா இன்றுவரை அதைச் சிரிப்பு என்கிறாள்.

"சொல்லுட்டி!" என்று எஸ்தர் கத்தினாள். "நீதான் பட்டியல் போடுறதுல ராணியாச்சே. போடு!"

பட்டியல் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. முதுகை நேராக்கிக்கொண்டேன். முத்தாலே ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள்.

"ஒன்று. எனக்கு நன்றாகச் செய்ய வருவது புளியோதரை ஒன்றுதான். அதையும் மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்ய மாட்டேன்."

குலவை. ஒவ்வொன்றுக்கும் குலவை போடுவது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

"இரண்டு. ஐந்தரைக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டேன். மூன்று. எழுந்ததும் ஒரு மணி நேரம் யாரும் என்னோடு பேசக் கூடாது."

நாற்காலியிலிருந்த பேராசிரியர் அகப்பையால் தரையைத் தட்டி, முடியாது என்று முழங்கினார். பெண்கள் அவரை 'ஓ' என்று அடக்கினார்கள்.

"நான்கு. எனக்குப் பொங்கல் பிடிக்காது. ஐந்து. பதினொன்றாம் வகுப்பில் முப்பத்து நான்கு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முக்கோணவியல் பாதியில் நிற்கிறது. ஆறு. அதில் ஒருத்தி என்னைவிடக் கெட்டிக்காரி. அவளை விட்டுவிட்டு வர மாட்டேன். ஏழு..."

ஏழாவது என்ன சொல்லப் போனேன் என்று நினைவில்லை, அம்மா. வாயிலிருந்து வந்தது வேறு. "ஏழு. எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை."

அது வலப் பக்கப் பட்டியலில் இல்லை. ஒன்பது காரணம் எழுதினேனே, அதில் இது இல்லவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று நானே வாளிக்குள் பார்த்தேன்.

முத்தாலே என் பக்கம் திரும்பினாள். "உறுதியாகவா?" என்று என்னைக் கேட்டாள்.

"மொழிபெயர்," என்றேன்.

அவள் சொன்னதும் எழுந்தது பாருங்கள் ஒரு குலவை. மாமரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. பேராசிரியர் நாற்காலியை விட்டுக் குதித்து, அகப்பையைத் தூக்கி எறிந்து, மறுபடியும் பெரியம்மாவாகி, என்னை இரண்டு கையாலும் தூக்கி நிறுத்தினார். யாரோ முரசைத் தட்டினார்கள். எஸ்தர் கோழிச் சட்டியின் மூடியைத் தட்டினாள். அங்கே நான் ஆடினேன் என்று எஸ்தர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். நான் ஆடவில்லை. நெடுநேரம் முழங்காலில் இருந்ததால் கால் மரத்துப்போயிருந்தது. அதை உதறினேன். தாளம் அப்போது நடந்துகொண்டிருந்ததால் உதறலும் தாளத்தோடு பொருந்திவிட்டது. பிறகு மற்றக் காலையும் உதற வேண்டியதாயிற்று. இப்படி ஒன்றே முக்கால் மணி நேரம்.

அணைக்கு நாங்கள் போகவே இல்லை. மாலை நாலரைவரை அந்த முற்றத்தில்தான் இருந்தோம். நிலக்கடலைக் கீரையை மூன்று முறை கேட்டு வாங்கினேன். எனக்குக் காட்டிவிட்டார்களே, கேட்க உரிமை உண்டு. வத்சலா பாடினாள், யாரும் தடுக்கவில்லை. எஸ்தரின் கோழிச் சட்டி என் தூக்குவாளியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். திரும்பி வருகிற வழியில் நான்கு பேரும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு வந்தோம். ஒரு நாற்சந்தியில் முத்தாலே காரை ஓரமாக நிறுத்தி, சிரித்து முடித்துவிட்டுத்தான் எடுத்தாள். அவளுக்கு வயிறு வலித்ததாம். நான் நிரலை எடுத்து, 'பொது உரையாடலும் நகைச்சுவையும்' என்ற வரிக்கு நேரே 'நிறைவேறியது' என்று குறித்தேன்.

ஆனால் முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. இதை நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தாளை எடுத்து மறுபடியும் கூட்டிப் பார்த்தேன். வேண்டும் பக்கத்தில் ஒன்றாவது, 'அண்ணாச்சி சந்தோஷப்படுவார்'. நான்காவது, 'அண்ணாச்சிக்குக் கவலை தீரும்'. ஒன்பதாவது, 'அண்ணாச்சி தலைநிமிர்ந்து நடப்பார்'. மூன்றும் ஒன்றுதானே? ஒரே எண்ணை மூன்று முறை கூட்டியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் செய்தால் காதைத் திருகியிருப்பேன். ஆகவே சரியான விடை ஒன்பதுக்கு ஒன்பது. சமமாக வந்தால், இருக்கிற இடத்திலேயே இருப்பதுதான் முறை. இதில் பிக்னிக்குக்கு என்ன வேலை?

ஆலங்குளம் தாண்டிவிட்டது, முடித்துவிடுகிறேன்.

திங்கட்கிழமை காலை தபால் நிலையத்துக்குப் போனேன். தனியாகப் போவதாகத்தான் இருந்தேன். மூன்று பேரும் கூடவே வந்துவிட்டார்கள். பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிய படிவத்தில் 'மறுக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதிக் கொடுத்தேன். அந்தத் தந்திக்காரர் மூக்குக்கண்ணாடி போட்ட, சாவதானமான மனிதர். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, பத்துச் சொல் வரைக்கும் ஒரே கட்டணம். உங்களுக்கு இன்னும் ஒன்பது சொல் பாக்கி இருக்கிறது."

ஒன்பது சொல்லை வீணாக்கலாமா? எனக்கு வீணாக்குகிற வழக்கம் கிடையாது. ஆனால் என்ன எழுதுவது? ஆளுக்கு ஆள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"மன்னிக்கவும்னு போடுங்கோ மேடம்," என்றாள் வத்சலா. போட்டேன்.

"சுகம்னு போடு. இல்லன்னா ஒனக்கு மலேரியான்னு நெனைச்சுக்கிடுவாவ," என்றாள் எஸ்தர். போட்டேன்.

"சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று போடுங்கள்," என்றார் தந்திக்காரர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு நாட்டின் தபால் ஊழியர் சொல்கிறாரே என்று போட்டேன்.

"மழை இல்லை என்று போடு," என்றாள் முத்தாலே, பூகோளம் அல்லவா. போட்டேன்.

இன்னும் இரண்டு சொல் மீதி. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருந்தது. மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் எழுதினேன், மடித்தேன், கொடுத்தேன். தந்திக்காரர் விதிப்படி அதை உரக்கப் படித்துச் சொல் எண்ணினார். கடைசி இரண்டு சொல்லையும் படித்தபோது எஸ்தர் அந்தத் தபால் நிலையத்துக்குள்ளேயே குலவை போட்டாள்.

'சனிக்கிழமை ஆடினேன்.'

எண்ணிக்கையை நிரப்புவதற்காக எழுதியது, அம்மா. கால் மரத்துப்போனதை இரண்டு சொல்லில் விளக்க முடியாதல்லவா.

பேராசிரியருக்கு அந்தத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது. நான் கிட்வேயில் மேலும் பதினொரு வருடம் இருந்தேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்வார், அழுவார், புறப்பட்டே வந்துவிடுவார் என்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். அந்த வாரமே வியாழக்கிழமை அவருடைய பதில் தந்தி வந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது பியூன் கொண்டுவந்து கொடுத்தார். மறுத்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. பேராசிரியரைப் பற்றி ஒரு சொல் இல்லை. பத்துச் சொல்லுக்கு இடம் இருந்தும் அண்ணாச்சி இரண்டே இரண்டு சொல்தான் எழுதியிருந்தார்.

'யாரோடு ஆடினாய்?'

கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். முப்பத்து நான்கு பெண்களுக்கும் என் முதுகு குலுங்குவது தெரிந்திருக்கும். அன்று மாலையே பதில் அனுப்பப் படிவம் வாங்கினேன், எழுத உட்கார்ந்தேன். அந்த முற்றத்தில் முப்பத்திரண்டு பெண்கள், அம்மா. எந்தப் பெயரை விடுவது?